வேப்பெண்ணெயும் தண்ணீரும் பிரியாதிருக்க

கத்தரிக்கும் மிளகாய்க்கும் வேப்பெண்ணெய் தெளிக்கிறோம். சவர்க்காரம் சேர்த்துக் கலக்கியும் சில இடங்களில் எண்ணெய் மேலே மிதந்துவிடுகிறது. தெளிகருவி அடியிலிருந்தே உறிஞ்சுவதால் முதற் பாத்திகளுக்கு வெறும் நீர் போகும், பூச்சி சாகாது. கடைசிப் பாத்திகளுக்குத் தனி எண்ணெய் போகும், இலை கருகும். இடம்பெயர்ந்து வந்து புதிய கிணற்றில் நீர் அள்ளுபவர்கள் இதன் காரணத்தை அறிந்திருப்பது நல்லது.

துளியின் தோல்

சவர்க்காரம் கொழுப்பிலிருந்து செய்யப்படுவது. அதன் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் நாடும். ஆகவே அது ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் தோல்போல மூடுகிறது. இத்தோலில் மறை மின்னேற்றம் உண்டு. ஒரே ஏற்றமுள்ள துளிகள் ஒன்றையொன்று தள்ளுவதால் அவை சேர்வதில்லை.

10 மில்லிலீற்றர் எண்ணெயை 0.01 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால், அவற்றின் மொத்த மேற்பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீற்றர். அத்தனையையும் மூடச் சவர்க்காரம் போதுமானதாக இருக்கவேண்டும்.

அளக்கும் முறை

ஆய்வுகூடத்தில் இரு மின்வாய்களுக்கு இடையே துளிகளை விட்டு, அவை நகரும் வேகத்தை அளப்பர். அதிலிருந்து மேற்பரப்பின் மின்னழுத்தத்தைக் கணிப்பர். அது சுமார் 30 மில்லிவோல்ற்றுக்கு மேற்பட்டால் துளிகள் பொதுவாகப் பிரிந்தே நிற்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணக்கல் நிலத்தின் கிணற்று நீரில் கல்சியம் மிகுதி. இதுவே வன்னீர். கல்சியம் நேர் ஏற்றமுள்ளது. அது சவர்க்காரத்துடன் சேர்ந்து கரையாத படிவாகும். துளியின் தோல் கெடும், துளிகள் ஒன்றுசேரும்.

போத்தற் பரிசோதனை

1. ஒரே அளவான இரு கண்ணாடிப் போத்தல்களை எடுங்கள். ஒன்றில் அரை லீற்றர் கிணற்று நீரும் மற்றதில் அதேயளவு மழைநீரும் விடுங்கள்.

2. சிறிது மழைநீரில் சவர்க்காரத்தைக் கரைத்து, இரண்டு தேக்கரண்டி வேப்பெண்ணெயைச் சேர்த்துப் பால்போல வரும்வரை அடியுங்கள். இதை இரு போத்தல்களுக்கும் சமமாகப் பிரித்து ஊற்றிக் குலுக்குங்கள்.

3. அரைமணி நேரம் அசையாது வையுங்கள்.

4. பால்போல நின்றால் அந்த நீர் உதவும். எண்ணெய்ப் படையோ வெள்ளைத் திரளோ தோன்றினால் உதவாது. மழைநீரைப் பாவியுங்கள். அல்லது கிணற்று நீரைக் கொதிக்கவைத்து, ஆறியபின் தெளிவை இறுத்து, மீண்டும் பரிசோதியுங்கள்.

நீர் நன்றாக இருந்தாலும் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். தெளிக்கும்போது இடையிடையே குலுக்குங்கள். முதலில் நாலைந்து செடிகளுக்கு மாலையில் தெளித்துப் பார்த்தபின் தோட்டம் முழுவதற்கும் தெளியுங்கள்.

கலந்துரையாட:

உங்கள் கிணற்று நீரில் சவர்க்காரம் இலகுவில் நுரைக்கிறதா? அயலில் எந்தக் கிணற்று நீர் தெளிப்புக்கு ஏற்றது?