சராசரி ஏறாத மலை

பசறை

அன்புள்ள மகளுக்கு,

உன் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தேன். போனில் தட்டிப் பதில் சொல்லக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை. அதனால் கொப்பித்தாளில் எழுதி நாளைக் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

"ரத்தக் குளிசையைத் தினமும் போடத் தேவையில்லையாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால்தான் உடம்பில் நல்லாச் சேருமாம். புது ஆராய்ச்சியாம். அக்காவுக்குச் சொல்லட்டுமா? அவவுக்கு ஈமோகுளோபின் 11, அது நார்மல்தானே?" என்று கேட்டிருக்கிறாய். சொல்லிவிட்டு வந்து கேட்காமல், கேட்டுவிட்டுச் சொல்ல நினைத்தாய் பார், அதில் எனக்குப் பெரிய சந்தோஷம். அக்காவுக்குச் சொல்லாதே. ஐந்து மாதக் கர்ப்பிணி, கிளினிக்கில் சொன்னபடி அந்த இரும்புக் குளிசையைத் தினமும் போடட்டும். ஆனால் நீ படித்தது பொய்ச் செய்தியும் இல்லை. உண்மையான ஓர் ஆய்வு உன் அக்காவுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதை நீ விளங்கிக்கொள்ள வேண்டும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை நீ, நாளைக்குத் தோட்டத்து லயமே உன்னிடம்தான் வந்து கேட்கும்.

அந்த ஆய்வு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் நடந்தது. 2017இல் லான்செட் குழுமத்தின் குருதியியல் இதழில் வந்தது. 40 பெண்கள். ஒரு பகுதியினர் 60 மில்லிகிராம் இரும்பை 14 நாள் தொடர்ந்து எடுத்தார்கள். மற்றவர்கள் அதே 14 குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாளாக 28 நாளில் எடுத்தார்கள். தினமும் எடுத்தவர்களின் உடம்பு 16.3 சதவீத இரும்பை உறிஞ்சியது, விட்டு விட்டு எடுத்தவர்களின் உடம்பு 21.8 சதவீதத்தை. காரணம் ஹெப்சிடின் என்கிற ஓமோன். ஈரல் சுரக்கிறது. ஒரு குளிசை போட்டதும் அது கூடி, குடல் வாசலை ஒரு நாளுக்கு ஒடுக்கிவிடும். ஸ்டோரில் கொழுந்து நிரம்பி வழிகிற நாளில் அடுத்த லொறியை கேட்டிலேயே நிறுத்திவைப்பார்களே, அதுபோல.

இனி அந்த 40 பேர் யார் என்று பார். இருப்பில் இரும்பு குறைந்தவர்கள், ஆனால் குருதிச்சோகை இல்லாதவர்கள். ஒருவரும் கர்ப்பிணி இல்லை. கர்ப்பம் முதிர முதிர உடம்பே ஹெப்சிடினைக் குறைத்து வாசலை அகலத் திறந்து வைக்கும், பிள்ளைக்கு இரும்பு போக வேண்டுமே. இதற்கு மேல் ஒரு சின்னக் கணக்குப் போடு. 28 நாளில் 14 குளிசை, 21.8 சதவீதம் என்றால் உடம்புக்குச் சேர்வது 183 மில்லிகிராம். அதே 28 நாளும் தினமும் போட்டு 16.3 சதவீதமே சேர்ந்தாலும் 274 மில்லிகிராம் வரும். ஒரு குளிசைக்கு எவ்வளவு சேர்கிறது என்பது சூரிக்காரர்களின் கேள்வி. பிரசவ நாளுக்குள் மொத்தமாக எவ்வளவு சேரும் என்பதுதான் உன் அக்காவின் கேள்வி.

அடுத்தது அந்த 11. இதைப் படித்தபோது எழும்பி உட்கார்ந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் ஈமோகுளோபின் அளவுகளுக்குப் புது வழிகாட்டி வெளியிட்டது. கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதமும் கடைசி மூன்று மாதமும் 11க்குக் குறைந்தால் சோகை, நடு மூன்று மாதத்தில் 10.5க்குக் குறைந்தால் சோகை. இந்தக் கணக்கில் அக்காவின் 11 நல்ல எண்தான். ஆனால் அதே வழிகாட்டியில் இன்னோர் அட்டவணை இருக்கிறது. உயரம் கூடக் கூட ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் குறைகிறது. அதை ஈடுகட்ட உடம்பு கூடுதலாக ஈமோகுளோபின் செய்துகொள்கிறது. ஆகவே மலையில் இருப்பவரின் எண், கீழ்நாட்டில் இருப்பவரின் அதே எண்ணைவிடக் குறைவான பலம் உள்ளது. முன்பு 1,000 மீட்டருக்குக் கீழே எதையும் கழிக்க வேண்டியதில்லை என்றிருந்தார்கள். இப்போது 500 மீட்டரிலிருந்தே 0.4 கழிக்கச் சொல்கிறார்கள். பதுளை டவுனே சுமார் 680 மீட்டரில் இருக்கிறது. 1,000 முதல் 1,499 மீட்டர் வரை 0.8 கழிக்க வேண்டும்.

உங்களுக்கு மேலே நிற்கிற நமுனுகுல மலையின் உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். உங்கள் லயம் ஆயிரத்துக்கு மேலே. 11இலிருந்து 0.8ஐக் கழி. 10.2. 10.5 என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது பார். இதைப் படித்துவிட்டு அக்காவைப் பயமுறுத்தாதே. 10.2 என்பது இலேசான சோகைதான், கவனித்தால் சரியாகிவிடும். ஆனால் "நார்மல்" என்று எழுதி மூடிவைக்கிற எண் அது இல்லை. முப்பது வருஷம் இந்த மலைச் சரிவிலேயே மருத்துவிச்சியாக ஏறி இறங்கினவள் நான். 11 என்று எழுதிய அட்டைகளைச் சிரித்த முகத்தோடு எத்தனை பேரிடம் திருப்பிக் கொடுத்திருப்பேன்! கொழுந்து மலையில் மூச்சு வாங்குது, கண் இருட்டுது என்று சொன்னவர்களுக்கு, "அட்டையில எல்லாம் சரியாத்தான் இருக்கு தாயி" என்று சொன்னேனே. அது இப்போதும் மனதில் கிடக்கிறது.

எல்லாருக்குமாகப் போட்ட கோட்டிலும் நாட்டுச் சராசரியிலும் நம் ஆட்கள் காணாமல் போய்விடுவதை நீ திரும்பத் திரும்பக் காண்பாய். 2016இல் நடந்த குடிசன, சுகாதார மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17.3 சதவீதம். தோட்டத்தில் மட்டும் எடுத்தால் 31.7. பேப்பரில் வருவது முதல் எண்.

சோகைக்கு இன்னொரு காரணமான புழுவின் கதையும் இப்படித்தான். உன் பாடப் புத்தகத்தில் கொழுக்கிப்புழுவுக்கு ஒரு படமும் நாலு வரியும் இருக்கும். நமக்கு அது குடும்பக் கதை. நம் பாட்டன் பாட்டிமார் செருப்பில்லாத காலோடு தேயிலைக்குள் நின்றவர்கள். நிழலும் ஈரமும் உள்ள மண், ஒதுங்கக் கக்கூசு கிடையாது. மண்ணில் விழுந்த முட்டை பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் குடம்பி காலைத் துளைக்கத் தயாராகிவிடும். விரலிடுக்கில் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான் வெளியே தெரிவது. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் கடித்துக்கொண்டு தங்கும். ஒரு வகைப் புழு ஒன்று நாளுக்கு 0.03 மில்லிலீற்றர் இரத்தத்தை இழக்கச் செய்யும், மற்ற வகை ஏறத்தாழ 0.2. நூறு புழு இருந்தால் என்ன ஆகும் என்று நீயே பெருக்கிப் பார்.

1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இந்தப் புழுவை ஒழிக்க இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. கக்கூசு கட்டாத இடங்களில் கொஞ்ச நாளில் புழு திரும்பி வந்தது. மருந்து மட்டும் போதாது, ஊருக்குள்ளேயே நிலையான சுகாதாரப் பணி வேண்டும் என்ற பாடம் அதில் கிடைத்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு திறந்ததற்குப் பின்னால் அந்தப் பாடம் இருக்கிறது. இன்று நாம் எம்.ஓ.எச். ஒபிஸ் என்கிறோமே, அதன் வேர் அதுதான். தோட்டத்து லயங்களில் பிறந்த பாடம் கிராமங்களுக்குத்தான் முதலில் போனது. தோட்டங்கள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

1994இல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. தோட்டத்துக் கர்ப்பிணிகளிடமே நடந்தது. இரும்புக் குளிசையும் போலிக் அமிலமும் மட்டும் எடுத்தவர்களைவிட, அவற்றோடு பூச்சிக் குளிசையும் எடுத்தவர்களுக்கு ஈமோகுளோபின் கூடுதலாக ஏறியது. ஓட்டைப் பீப்பாயில் தண்ணீர் ஊற்றுமுன் ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது நம் வீட்டுக் கிழவிகளுக்கும் தெரியும், ஆனால் அதை அளந்து காட்டிய பிறகுதான் கிளினிக்குகள் அசையும்.

கர்ப்பிணிக்குப் பூச்சிக் குளிசை கொடுத்தால் பிள்ளை ஊனமாகப் பிறக்குமோ என்ற பயம் டொக்டர்மாருக்கும் இருந்தது. களனிப் பல்கலைக்கழகத்தின் நிலந்தி டி சில்வாவும் அவரோடு சேர்ந்தவர்களும் பிரசவத்துக்கு வந்த ஏழாயிரம் தாய்மாரின் விவரங்களைத் திரட்டி 1999இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். மெபென்டசோல் என்ற பூச்சிக் குளிசை எடுத்த 5,275 பேரில் பெரிய பிறவிக் குறை 1.8 சதவீதம், எடுக்காத 1,737 பேரில் 1.5 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதுதான். செத்துப் பிறந்ததும் பிறந்தவுடன் இறந்ததும் சேர்த்துப் பார்த்தால், எடுத்தவர்களில் 1.9, எடுக்காதவர்களில் 3.3.

இங்கே நில், மகள். குளிசைதான் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியதா? அவசரப்பட்டு ஆம் என்று சொல்லாதே. பூச்சிக் குளிசை எடுத்தவள் யார்? ஒருநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று கிளினிக்குக்கு வந்தவள், அல்லது வீட்டார் வரவிட்டவள். எடுக்காதவள் கிளினிக்குக்கே வர முடியாதவளாக இருந்திருக்கலாம். அவளுக்கு வேறு எத்தனை கஷ்டமோ! குளிசை பெரிய தீங்கு செய்யவில்லை என்பதற்கு அந்த ஆய்வு நல்ல சாட்சி, அதுதான் அன்று தேவைப்பட்டது. நன்மையைக் குளிசையின் பேரில் எழுத அது போதாது.

அதற்குச் சீட்டுக் குலுக்கல் வேண்டும். நம் லயத்தில் சீட்டுப் பிடிக்கும்போது, முதல் மாதம் யாருக்கு என்று பெயர்களைச் சுருட்டிப் போட்டுக் குலுக்கிக் குழந்தையை எடுக்கச் சொல்வோமே. தலைவியின் சொந்தக்காரிக்கும் எதிர் லயத்துக்காரிக்கும் அதில் ஒரே வாய்ப்பு. உகண்டாவின் என்டெபேயில் 2,507 கர்ப்பிணிகளை இப்படிக் குலுக்கி, ஒரு பகுதியினருக்கு அல்பென்டசோல் என்ற பூச்சிக் குளிசையும் மற்றவர்களுக்கு அதேபோலத் தெரிகிற வெறும் குளிசையும் கொடுத்தார்கள். மொத்தத்தில் பிறப்பு நிறையிலோ தாயின் சோகையிலோ வித்தியாசம் தெரியவில்லை. கொழுக்கிப்புழு நிறைய இருந்த தாய்மாருக்கு மட்டும் பலன் இருந்திருக்கலாம் என்று பட்டது. அப்படியென்றால் நம் 1994 ஆய்வு பொய்யா? அப்படி இல்லை. வயிற்றில் எவ்வளவு புழு, தட்டில் எவ்வளவு இரும்பு என்பது ஊருக்கு ஊர் மாறும்.

இந்த நாட்டில் புழுவே ஒழிந்துவிட்டதே, இன்னும் ஏன் குளிசை என்று யாராவது கேட்பார்கள். 2017இல் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்து 2019இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த தேசிய ஆய்வில் மண்வழிப் புழுக்கள் நாடளவில் 0.97 சதவீதம். ஒன்றுக்கும் கீழே! அதே ஆய்வு நகரச் சேரிகளைத் தனியாக எண்ணியது: 2.73. பெருந்தோட்டங்களைத் தனியாக எண்ணியது: 9.02. அப்படிப் பிரித்து எண்ணியவர்களை நான் கும்பிடுகிறேன். பிரிக்காமல் விட்டிருந்தால் நம் பிள்ளைகள் அந்த 0.97க்குள் போய் மறைந்திருப்பார்கள்.

கடைசியாக நம் தேத்தண்ணி.

வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு லயத்துக்குப் பின்னால் கானுக்குள் ரத்தக் குளிசைகள் கொட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். யாருடையது என்று கண்டுபிடித்து, பீலிக்கரையில் நாலு பேர் முன்னால் அந்தப் பிள்ளையை ஏசினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒருநாள் தனியாக வந்து, நெஞ்செரியுது, கக்கூசு கறுப்பாப் போகுது, உள்ளே ஏதோ அழுகுதோன்னு பயமா இருந்துச்சு என்றாள். கறுப்பாகப் போவது சேராத இரும்புதான், பயப்பட ஒன்றுமில்லை என்று அன்றைக்கு அவளுக்கு முன்கூட்டியே சொல்லாதது என் பிழை. எதோடு குளிசையைக் குடித்தாய் என்று கேட்டேன். ரொட்டியும் சாயத் தேத்தண்ணியும் என்றாள்.

தேயிலைச் சாயத்தில் உள்ள பொலிபீனோல்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடலுக்கு விடாது. அமெரிக்காவில் 1983இல் வந்த ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு குடித்த தேநீர் இரும்பு உறிஞ்சுவதை 64 சதவீதம் குறைத்தது. 2017இல் இங்கிலாந்தில் 12 பெண்களிடம் நடந்த ஆய்வில் சாப்பாட்டோடு குடித்தபோது 37 சதவீதக் குறைவு. ஒரு மணிநேரம் கழித்துக் குடித்தபோது அந்தத் தடை பெரும்பாலும் தணிந்தது. 12 பேர் மிகச் சிறிய கூட்டம், அவர்களும் சோகை இல்லாதவர்கள். ஆனால் இதைச் செய்து பார்ப்பதில் ஆபத்து எதுவும் இல்லை, காசும் செலவில்லை. சூரிக் ஆய்வை நம்பிக் குளிசையைக் குறைத்தால் அக்காவுக்கு நட்டம் வரலாம், இதை நம்பித் தேத்தண்ணியை ஒரு மணிநேரம் தள்ளினால் எந்த நட்டமும் வராது. புது ஆய்வு ஒன்றைப் படிக்கும்போதெல்லாம் நான் போட்டுப் பார்க்கிற தராசு இதுதான். தேத்தண்ணியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். பனியில் விடியற்காலை பிரட்டுக்குப் போகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை கிளினிக்குக்கு நீயும் அக்காவோடு போ. அட்டையில் 11 என்று எழுதிய நாளைப் பார். லயம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லி, திரும்ப ஒருமுறை இரத்தம் பார்க்கலாமா என்று மிஸ்ஸியிடம் மரியாதையாகக் கேள். குளிசை ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லையென்றால் தலசீமியா பார்த்தார்களா என்றும் கேள், எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. பூச்சிக் குளிசை கொடுத்த திகதி அட்டையில் இருக்கிறதா என்று பார். ரத்தக் குளிசையைப் படுக்கப்போகும் நேரம் தண்ணீரில் போடட்டும், கல்சியம் குளிசையைப் பகலில் தனியாக. நெஞ்செரிந்தால் கானுக்குள் போடாமல் கிளினிக்கில் சொல்லட்டும்.

இந்தக் கடிதம் கொண்டுவருகிற பையில் கொய்யாப்பழம் ஒரு கிலோவும் நெத்தலிக் கருவாடும் இருக்கின்றன. கொய்யா அக்காவுக்கு, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடு, அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். நீயும் இரண்டு எடுத்துக்கொள். உன் ஈமோகுளோபினை யாரும் இதுவரை பார்க்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அதையும் வியாழக்கிழமை கேள்.

அன்புடன்,
பெரியம்மா