வீட்டை விக்கிறதுக்கு முன்னாடி சரியான மதிப்பை நீங்களே கணக்குப் போடுங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமோ திருவள்ளூரிலோ அப்பா கட்டின வீட்டை விக்கப் போறீங்களா? புரோக்கர் சொல்ற முதல் விலைக்கே தலையாட்டினா, உங்க ஒரு வருஷ சம்பளமே கைவிட்டுப் போயிடலாம். அதனால இந்த 3 வேலையை முதல்ல முடிங்க.

1. வழிகாட்டி மதிப்பு: பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் தெரு அல்லது சர்வே எண் கொடுத்துப் பாருங்க. இது முத்திரைத் தீர்வைக்காக அரசு வைக்கிற மதிப்பு, சந்தை விலை கிடையாது.

2. பக்கத்து விற்பனை: அதே தளத்தில் வில்லங்கச் சான்று இலவசமா பார்க்கலாம். அந்த சர்வே எண்ணில் பதிவான கிரயத் தொகை தெரியும். ஆனா பலர் வழிகாட்டி மதிப்புக்கே பதிவு பண்றாங்க. அதனால சமீபத்தில் வித்தவங்க, வாங்கினவங்களிடமும் நேரில் விசாரிங்க.

3. நிலம் தனி, கட்டடம் தனி: நிலத்துக்கு விலை ஏறும், கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு. உதாரணமா, 1,200 சதுர அடி மனை, அடி ₹1,500 என்றால் ₹18 லட்சம். இன்று கட்ட ₹16 லட்சம் ஆகும் வீடு, 60 வருஷ ஆயுளில் 15 வருஷம் ஓடியிருந்தா 25% கழிச்சு ₹12 லட்சம். மொத்தம் ₹30 லட்சம்.

வரியில் கவனம்: வழிகாட்டி மதிப்பு ₹30 லட்சம் இருக்கும்போது ₹26 லட்சத்துக்குப் பத்திரம் போட்டா, வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டுது. அப்போ ₹30 லட்சத்துக்கு வித்ததாகவே வருமான வரிக் கணக்கு போடுவாங்க. கைக்கு வராத ₹4 லட்சமும் லாபக் கணக்கில் சேரும்!

குழப்பமா இருந்தா, அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்துப்பூர்வமா அறிக்கை வாங்குங்க. அட்வான்ஸ் வாங்குறது அதுக்கு அப்புறம்தான்!