ஒரு சதுர மீட்டரின் விலை

தேக்கா சந்தையில் மீன் வாங்க வருபவர்கள், “இந்த மீன் 18 வெள்ளி, அந்த மீன் 25 வெள்ளி, ஆகவே முதல் மீன்தான் மலிவு” என்று முடிவு செய்வதில்லை. கிலோ என்ன விலை என்றுதான் முதலில் கேட்பார்கள். சிறிய மீனைக் கிலோவுக்கு அதிக விலை சொல்லி விற்பதும், பெரிய மீன் கிலோவுக்கு மலிவாகக் கிடைப்பதும் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். காய்கறி, அரிசி, துணி என எதை வாங்கினாலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது.

ஆனால், வாழ்க்கையிலேயே பெரிய தொகையைக் கொடுத்து வாங்கும் பொருளான வீட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த வழக்கம் மறந்துபோகிறது. “பக்கத்து புளோக்கில் ஒரு வீடு 700,000 வெள்ளிக்குப் போனதாம்” என்ற செய்தி காப்பிக்கடையில் வேகமாகப் பரவுகிறது. அந்த வீட்டின் பரப்பளவு என்ன, அது எத்தனையாவது மாடியில் இருந்தது, குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டுகள் மீதம் உள்ளன என்று கேட்பவர்கள் குறைவு. இந்த விவரங்கள் இல்லாமல் மொத்த விலையை மட்டும் தெரிந்துகொள்வது, எடையைக் கேட்காமல் மீன் வாங்குவதைப் போன்றது.

ஒரு வீட்டின் விலையை அதன் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பதே ஒரு சதுர மீட்டருக்கான விலை. இதைச் செய்ய எளிய வகுத்தல் கணக்குத் தெரிந்தால் போதும். ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் மறுவிற்பனைச் சந்தையில் மூன்று வீடுகளைப் பார்த்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக விளங்குவதற்காகப் பின்வரும் எண்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதலாவது, அங் மோ கியோவில் 67 சதுர மீட்டர் பரப்புள்ள மூவறை வீடு. விலை 402,000 வெள்ளி. இரண்டாவது, செங்காங்கில் 92 சதுர மீட்டர் பரப்புள்ள நான்கறை வீடு. விலை 552,000 வெள்ளி. மூன்றாவது, ஊட்லண்ட்ஸில் 142 சதுர மீட்டர் பரப்புள்ள எக்சிகியூட்டிவ் வீடு. விலை 781,000 வெள்ளி.

மொத்த விலையைப் பார்த்தால் அங் மோ கியோ வீடுதான் மலிவு, ஊட்லண்ட்ஸ் வீடுதான் விலை உயர்ந்தது. வகுத்துப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. அங் மோ கியோ வீட்டில் ஒரு சதுர மீட்டர் 6,000 வெள்ளி. செங்காங் வீட்டிலும் அதே 6,000 வெள்ளி. ஊட்லண்ட்ஸ் வீட்டிலோ 5,500 வெள்ளிதான். மூன்றிலும் அதிகத் தொகை கேட்கும் வீடு, இட அளவின்படி பார்க்கும்போது மூன்றிலும் மலிவாக இருக்கிறது.

இது வியப்பாகத் தோன்றினாலும் இதற்குக் காரணங்கள் உண்டு. வீடு சிறியதோ பெரியதோ, ஒரு சமையலறையும் ஒரு கழிவறையுமாவது கட்டாயம் இருக்க வேண்டும். கட்டுமானத்தில் அதிகம் செலவு பிடிக்கும் பகுதிகளும் அவைதாம். சிறிய வீட்டில் அந்தச் செலவு குறைந்த பரப்பில் பங்கிடப்படுகிறது. அதைவிட முக்கியமான காரணம் வாங்குபவர்களின் சக்தி. 400,000 வெள்ளி செலவழிக்கக்கூடிய குடும்பங்கள் பல; 800,000 வெள்ளி செலவழிக்கக்கூடியவை சில. சிறிய வீட்டுக்குப் போட்டி கூடும்போது அதன் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் விலை ஏறுகிறது. இவற்றோடு இடமும் சேர்ந்துகொள்கிறது. நகர மையத்திலிருந்து தொலைவில் உள்ள பேட்டைகளில் விலை பொதுவாகக் குறைவாகவே இருக்கும்.

கணக்கிடும்போது அளவு அலகைக் கவனிக்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பதிவுகளில் பரப்பளவு சதுர மீட்டரில் இருக்கும். சொத்து முகவர்களோ பெரும்பாலும் சதுர அடியில் பேசுவார்கள். ஒரு சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 10.76 சதுர அடி. ஆகவே, சதுர மீட்டருக்கு 6,000 வெள்ளி என்பதும் சதுர அடிக்கு ஏறத்தாழ 557 வெள்ளி என்பதும் ஒன்றே. ஒரு வீட்டைச் சதுர மீட்டரிலும் மற்றொன்றைச் சதுர அடியிலும் வைத்து ஒப்பிட்டால் பதில் நகைப்புக்கு இடமாகிவிடும்.

இந்த விவரங்களைத் தேடி யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. வீவக மறுவிற்பனை வீடுகளின் விலைகளை அரசாங்கம் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுகிறது. 1990ஆம் ஆண்டு முதலான பதிவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்து, கணினியில் அட்டவணையாகத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு வரியும் ஒரு விற்பனையைக் குறிக்கும். விற்கப்பட்ட மாதம், நகர், வீட்டு வகை, புளோக் எண், சாலைப் பெயர், மாடி, பரப்பளவு, குத்தகை தொடங்கிய ஆண்டு, விற்ற விலை ஆகியவை அந்த வரியில் இருக்கும். வீட்டின் கதவு எண்ணும் உரிமையாளரின் பெயரும் இருக்கா. மாடியும்கூட “10 முதல் 12 வரை” என்று மும்மூன்றாகத்தான் காட்டப்படும். எந்த வீடு, யாருடையது என்று அடையாளம் தெரியாதபடி, ஆனால் விலையை ஒப்பிட முடிந்தபடி அமைந்த ஏற்பாடு இது.

அந்தப் பதிவுகளோடு தரப்படும் சிறு குறிப்புகளைப் படிக்காமல் தாண்டிச் செல்வது தவறு. உறவினர்களுக்கிடையே நடந்த விற்பனையும், வீட்டின் ஒரு பங்கை மட்டும் கைமாற்றிய விற்பனையும் பட்டியலில் சேர்க்கப்படுவதில்லை. மகனுக்கு வீட்டை விற்கும் தந்தை சந்தை விலையைக் கேட்க மாட்டார் அல்லவா? பரப்பளவு என்ற எண்ணும் அறைகளை மட்டுமே குறிப்பதில்லை. வாசல் அருகே கூடுதலாக வாங்கிச் சேர்த்த இடம், மேம்பாட்டுத் திட்டத்தின்போது பின்னால் ஒட்டிக் கட்டிய பகுதி, சில வீடுகளில் உள்ள திறந்த மேல்தளம் ஆகியவையும் அதில் அடங்கும். படுக்கையறையின் ஒரு சதுர மீட்டரும் மழையில் நனையும் மேல்தளத்தின் ஒரு சதுர மீட்டரும் அட்டவணையில் ஒன்றுதான்; வாழ்பவருக்கு அவை ஒன்றல்ல.

அங் மோ கியோ வீட்டுக்கும் செங்காங் வீட்டுக்கும் ஒரே 6,000 வெள்ளி என்றால் இரண்டும் சமமான பேரமா? இங்கேதான் குத்தகையைப் பார்க்க வேண்டும். வீவக வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு விற்கப்படுகின்றன. அங் மோ கியோ வீட்டின் குத்தகை 1979இல் தொடங்கியது என்று கொண்டால், 2025இல் 53 ஆண்டுகள் மிஞ்சும். செங்காங் வீட்டின் குத்தகை 2003இல் தொடங்கியிருந்தால் 77 ஆண்டுகள் மிஞ்சும். ஒரே விலைக்கு ஒரு வீடு 24 ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கிறது. எனினும், சதுர மீட்டர் விலையை மீதமுள்ள ஆண்டுகளால் மீண்டும் வகுத்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்றும் நினைக்கக்கூடாது. குத்தகை தேயத் தேய மதிப்பு நேர்க்கோட்டில் இறங்குவதில்லை. நிலக் குத்தகையை மதிப்பிடச் சிங்கப்பூர் நில ஆணையம் ஓர் அட்டவணையைப் பயன்படுத்துகிறது. ‘பாலா அட்டவணை’ என்று பலராலும் அழைக்கப்படும் அதன்படி, 60 ஆண்டுகள் மீதமுள்ள நிலத்துக்கு முழு உரிமை நிலத்தின் மதிப்பில் 80 விழுக்காடு உண்டு. 30 ஆண்டுகள் மீதமிருந்தால் 60 விழுக்காடு. காலம் பாதியாகக் குறைந்தும் மதிப்பு பாதியாகக் குறையவில்லை. கடைசி ஆண்டுகளில்தான் அது வேகமாகச் சரிகிறது.

வாங்குபவரின் வயதும் இந்தக் கணக்கில் நுழைகிறது. 2019ஆம் ஆண்டு மே மாதம் நடப்புக்கு வந்த விதிமுறைப்படி, வாங்குபவர்களில் மிக இளையவர் 95 வயதை எட்டும்வரை குத்தகை நீடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மத்திய சேமநிதியிலிருந்து பயன்படுத்தக்கூடிய தொகை குறைந்துவிடும். 30 வயது இளையர் அந்த அங் மோ கியோ வீட்டை வாங்கினால், குத்தகை முடியும்போது அவருக்கு வயது 83. அவருக்கு முழுத் தொகை கிடைக்காது. 45 வயதுடையவர் வாங்கினால் 98 வயதுவரை குத்தகை இருக்கும். அவருக்குச் சிக்கல் இல்லை. ஒரே வீடு, ஒரே விலை. ஆனால் இருவர் கையிலிருந்து போகும் ரொக்கம் வேறு வேறு.

தனி வீட்டிலிருந்து ஒரு வட்டாரத்தின் விலைக்குச் செல்லும்போது வேறொரு கண்ணி காத்திருக்கிறது. ஒரு சாலையில் ஐந்து வீடுகள் விற்றதாகக் கொள்வோம். சதுர மீட்டர் விலை முறையே 5,400, 5,500, 5,600, 5,700, 8,800 வெள்ளி. இவற்றின் சராசரி 6,200. ஆனால் ஐந்தில் நான்கு வீடுகள் அந்தச் சராசரியை எட்டவே இல்லை. உச்சி மாடியில் இருந்த ஒரே ஒரு வீடு சராசரியைத் தூக்கிவிட்டது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால், அதாவது இடைநிலையைப் பார்த்தால், 5,600 வெள்ளி. அந்தச் சாலையில் வீடு தேடுபவருக்கு இதுதான் நம்பத்தகுந்த எண். தஞ்சோங் பகார் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1970களில் கட்டப்பட்ட தஞ்சோங் பகார் பிளாசாவும், 2009இல் கட்டி முடிக்கப்பட்ட 50 மாடி பினக்கல் அட் டக்ஸ்டனும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டையும் கலந்து ஒரே சராசரி சொன்னால், அந்த எண் இரண்டில் எதற்கும் பொருந்தாது.

காலத்தை ஒப்பிடும்போதும் இதே கலப்புச் சிக்கல் வரும். ஒரு பேட்டையில் ஒரு காலாண்டில் பத்து வீடுகள் விற்றன. எட்டுப் பழைய வீடுகள் சதுர மீட்டருக்கு 5,000 வெள்ளிக்கும், இரண்டு புதிய வீடுகள் 7,000 வெள்ளிக்கும் கைமாறின. சராசரி 5,400. அடுத்த காலாண்டிலும் பத்து வீடுகள். இம்முறை பழையவை ஐந்து, புதியவை ஐந்து. விலைகளில் மாற்றமே இல்லை. ஆனால் சராசரி 6,000 ஆகிவிட்டது! “விலை 11 விழுக்காடு ஏற்றம்” என்று தலைப்புப் போட்டால் கணக்கு சரியாகத்தான் இருக்கும். செய்தி தவறாக இருக்கும். புதிய வீடுகளைப் பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகே விற்கலாம் என்பதால், ஒரு பேட்டையில் அந்தக் காலம் ஒரே சமயத்தில் முடியும்போது இத்தகைய கலப்பு மாற்றம் நிகழக்கூடும். விற்ற வீடுகளின் எண்ணிக்கையையும் வயதையும் பார்க்காமல் ஏற்ற இறக்கத்தைப் பேசுவதில் பயனில்லை.

அட்டவணையில் ஏறாத செய்திகளும் பல. பிற்பகல் வெயில் நேரே வரவேற்பறையில் விழும் வீடா, விரைவுச்சாலையின் இரைச்சல் இரவில் கேட்குமா, குளியலறையில் நீர் ஒழுகுகிறதா, மின்தூக்கிக்கும் வாசலுக்கும் இடையே முதியவர் நடக்கக்கூடிய தூரம்தானா என்பவற்றை நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பாட்டி உடன் வாழும் குடும்பத்துக்கு, பலதுறை மருந்தகம் அருகில் இருப்பது சதுர மீட்டருக்குச் சில நூறு வெள்ளி கூடக் கொடுக்கத் தக்கதாக இருக்கலாம். பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட்ட தம்பதியருக்கு 142 சதுர மீட்டர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பெருக்கித் துடைக்க வேண்டிய இடம்தான்.

அப்படியானால் இந்த எண் எப்போது மிகவும் உதவுகிறது? விலை பேசி முடிப்பதற்கு முன்னால். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து, வாங்குபவரும் விற்பவரும் விலையை ஒப்புக்கொண்ட பிறகே வீட்டின் மதிப்பீட்டைக் கழகத்திடம் கேட்க முடியும். பேரம் பேசும் நேரத்தில் அதிகாரபூர்வ மதிப்பு இருவருக்குமே தெரியாது. செங்காங் வீட்டை 580,000 வெள்ளிக்கு அந்தக் குடும்பம் ஒப்புக்கொண்டு, பிறகு மதிப்பீடு 552,000 வெள்ளி என்று வந்தால், இடையிலுள்ள 28,000 வெள்ளியை ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். அந்தத் தொகைக்கு வீட்டுக் கடன் கிடைக்காது. மத்திய சேமநிதியையும் தொட முடியாது. வேண்டாம் என்று விலகினால், வாங்கும் உரிமைக்காக முன்பே கட்டிய பணம் திரும்ப வராது.

580,000 வெள்ளியை 92ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6,300 வெள்ளி. அதே புளோக்கிலும் பக்கத்து புளோக்குகளிலும் கடந்த ஆறு மாதங்களில் விற்ற நான்கறை வீடுகளை, ஏறத்தாழ அதே மாடியில் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றின் இடைநிலை 6,000 வெள்ளிக்கு அருகே இருப்பதைக் கண்டால், விற்பவரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்துவிடும்: கூடுதலான அந்த 300 வெள்ளி எதற்காக? புதிதாகப் போட்ட தரைக்காகவா, எம்ஆர்டி நிலையம் அருகில் இருப்பதற்காகவா, இல்லை வெறுமனே கேட்டுப் பார்க்கிறாரா? அட்டவணையைத் திறந்து வடிகட்டி, வகுத்து, வரிசைப்படுத்த உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவருக்கு அரைமணி நேரம் போதும். பல குடும்பங்களில் பெற்றோரைவிட அந்த வேலையை விரைவாகச் செய்யக்கூடியவரும் அவரே.