பால் மரப் பட்டைக்குள்ளே நடப்பது என்ன?

வைகறை இருளில் நெற்றி விளக்குடன் நிரைக்குள் நுழையும் தொழிலாளர்களுக்குப் பால் மரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கை அறிந்ததை அறிவும் அறிந்துகொண்டால் நன்மை இரட்டிப்பாகும். ஆதலால், பட்டைக்குள் நிகழும் விந்தைகளை இத்திங்கள் காண்போம்.

முதலாவதாக, பால் என்பது மரத்தின் உணவு அன்று. வேர் உறிஞ்சும் நீர் கட்டையின் வழியாக மேலே ஏறுகிறது. இலைகள் ஆக்கும் உணவு உட்பட்டையின் வழியாகக் கீழே இறங்குகிறது. பாலுக்கோ தனிக் குழாய்கள் உள்ளன. கண்ணுக்குப் புலப்படாத அந்நுண்குழாய்கள் பட்டைக்குள் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. மரத்தைக் கடிக்கும் பூச்சிகளைத் தடுக்கவும் காயத்தை மூடவும் பால் பயன்படுகிறது என்பர் அறிஞர். ஆக, நம் மங்கில் சேர்வது மரம் தன் தற்காப்புக்காக ஆக்கி வைத்த பொருளே ஆகும்.

விடியுமுன் ஏன் வெட்ட வேண்டும்? இரவில் இலைகள் வழியே நீர் அதிகம் வெளியேறுவதில்லை. அதனால் பால் குழாய்கள் நீரால் விம்மி நிற்கின்றன. அப்பொழுது அவற்றினுள் இருக்கும் அழுத்தம், மோட்டார் வண்டிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 5 மடங்கு ஆகும். வெயில் ஏறினால் அழுத்தம் தணிகிறது, பாலும் குறைகிறது.

வெட்டு ஏன் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்கிறது? பால் குழாய்கள் நேராக நிற்பதில்லை. மேலே செல்லச் செல்லச் சற்றே வலப்புறம் சாய்கின்றன. அவ்வாறு வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும்.

சில மணி நேரத்தில் பால் தானே நின்றுவிடுகிறதே, அது எதனால்? பாலில் நுண்ணிய பைகள் மிதக்கின்றன. வெட்டியதும் அவை உடைந்து, பாலை உறையச் செய்து, குழாய் வாயை அடைக்கின்றன. 1960களில் நடந்த ஆராய்ச்சிகள் இதனைத் தெளிவாக்கின. அடைப்பு வாயருகில்தான் இருக்கிறது. ஆகவே, மறுமுறை கோட்டுப்பாலை உரித்துப் பட்டையை மெல்லியதாகச் சீவினாலே போதும். பால் மீண்டும் பெருகும்.

முற்காலத்தில் பிரேசில் நாட்டுக் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். மரங்கள் பெருங்காயமுற்றன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்னும் அறிஞர், அதே வெட்டைச் சிறிது சிறிதாகச் சீவும் முறையைக் கண்டறிந்தார். இன்று நாம் பின்பற்றுவது அவ்வழியே.

இனி, நாம் கருத்தில் இருத்த வேண்டிய செய்திக்கு வருவோம். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே காகிதத்தினும் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. புதுப்பட்டையை வளர்ப்பது அதுவே. பால் குழாய்கள் மிகுதியாக இருப்பதும் அப்படலத்தை ஒட்டிய பகுதியில்தான்! எனவே ஆழமாக வெட்டத் தூண்டும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் உளி படலத்தைத் தொட்டுவிட்டால், அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அங்கே சீராக வெட்ட இயலாது. ஆகவே, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்டுதல் வேண்டும். ஓய்வு கொடாமல் அளவுக்கு மீறி வெட்டினாலும், பட்டை வறண்டு பால் நின்றுபோகக்கூடும்.

இன்று ஒரு மங்குப் பாலை மிகுதியாகப் பெற எண்ணி, நாளைய பட்டையை இழப்பது அறிவுடைமை ஆகாது. கூரிய உளி, மெல்லிய சீவல், அளவான ஆழம் ஆகிய இம்மூன்றையும் மறவாதிருப்போம். மரம் நெடுங்காலம் பால் தரும். குடும்பத்திற்கு வருவாயும் நிலைத்திருக்கும்.