காட்டுக் குரங்குகளை எண்ணுவது எப்படி?

ஆடுகளை எண்ணுவது எளிது. மாலையில் பட்டி வாசலில் நின்றால் போதும். ஒவ்வோர் ஆடாக உள்ளே போகும். எண்ணி முடித்துவிடலாம்.

காட்டுக் குரங்குகளை அப்படி எண்ண முடியுமா? முடியாது. குரங்கு உயர்ந்த கிளையில் இருக்கும். இலைகள் மறைக்கும். ஆளைக் கண்டால் ஓடும். இங்கே பார்த்த கூட்டம் சற்று நேரத்தில் வேறு இடத்தில் நிற்கும். ஒரே கூட்டத்தை இரண்டு முறை எண்ணிவிடுவோம்.

அப்படியானால் ஏன் எண்ண வேண்டும்? எண்ணினால்தான் குரங்குகள் பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்று தெரியும். தெரியாமல் இருந்துவிட்டால் ஓர் இனமே அழிந்து போகலாம்.

அசாம் மாநிலத்தில் இரண்டு அரிய இனங்கள் உள்ளன. ஒன்று பொன்னிற மந்தி. இது அசாமின் மேற்குப் பகுதியிலும், பக்கத்து நாடான பூட்டானிலும் மட்டுமே வாழ்கிறது. மற்றொன்று ஹூலக் கிப்பன். இது வால் இல்லாத குரங்கு. மரத்துக்கு மரம் கையால் தாவிச் செல்லும். தரையில் இறங்குவது அரிது.

இவற்றை எண்ண மூன்று முறைகள் உள்ளன.

1. கோட்டில் நடந்து எண்ணுதல்

காட்டின் ஊடே நேர்கோடு ஒன்றைக் குறித்துக்கொள்வார்கள். அதில் மெதுவாக நடப்பார்கள். குரங்குக் கூட்டத்தைக் கண்டால் நிற்பார்கள். எத்தனை குரங்குகள், கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளன என்று எழுதுவார்கள். வண்டிப் பாதையில் மட்டும் நடந்து எண்ணக் கூடாது. பாதையோரம் இருப்பது போலவே காடு முழுவதும் இருக்காது.

ஒரு கணக்குப் பார்ப்போம். கோட்டின் நீளம் 10 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் 50 மீட்டர் வரை நன்றாகத் தெரிகிறது. அதாவது அகலம் 100 மீட்டர். அப்படியானால் பார்த்த பரப்பு 1 சதுர கிலோமீட்டர். அதில் 4 கூட்டங்கள் இருந்தன. கூட்டத்துக்கு 8 குரங்குகள். மொத்தம் 32. காட்டின் பரப்பு 20 சதுர கிலோமீட்டர் என்றால், 32 x 20 = 640 குரங்குகள்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரே ஒரு கூட்டத்தைத் தவறாக இரண்டு முறை எண்ணிவிட்டோம் என்று வையுங்கள். 32 என்பது 40 ஆகும். மொத்தம் 800 ஆகிவிடும். இல்லாத 160 குரங்குகள் கணக்கில் வந்துவிடும்! சிறு தவறு பெருந்தவறாகிவிடுகிறது. ஆகவே பல கோடுகளில், பல நாட்கள் நடக்க வேண்டும்.

2. பகுதி பிரித்து எண்ணுதல்

காட்டை ஓடை, பாதை ஆகியவற்றை எல்லையாக வைத்துப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குழு. எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் உள்ளே போகும். கூட்டத்தைக் கண்ட இடம், நேரம், அது போன திசை, குட்டிகள் எத்தனை என எல்லாவற்றையும் எழுதும். பிறகு குறிப்புகளை ஒப்பிட்டு, இரண்டு முறை எண்ணியதை நீக்கும்.

2024-ஆம் ஆண்டில் அசாமில் பொன்னிற மந்திகளை இந்த வகையில்தான் எண்ணினார்கள். சுமார் 7,400 மந்திகள் இருப்பதாகக் கணக்கு வந்தது. இந்த முறைக்கு ஆட்கள் நிறைய வேண்டும். செலவும் கூடும்.

3. குரல் கேட்டு எண்ணுதல்

கிப்பன் காலையில் உரக்கக் குரல் கொடுக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுவது போல இருக்கும். வெகுதூரம் கேட்கும். மூன்று மேடான இடங்களில் மூன்று பேர் நிற்பார்கள். குரல் வந்த திசையையும் நேரத்தையும் குறிப்பார்கள். வரைபடத்தில் கோடு போடுவார்கள். கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று பொருள்.

மழையிலும் காற்றிலும் கிப்பன் அதிகம் பாடாது. துணை இல்லாத கிப்பன் சோடியாகப் பாட முடியாது. அதனால் அது கணக்கில் விட்டுப்போகலாம். குரல் கொடுக்காத குரங்கு இனங்களுக்கு இந்த முறை உதவாது.

எந்த முறை நல்லது?

பரந்த காட்டுக்குக் கோட்டில் நடப்பது ஏற்றது. சிறிய காட்டுக்குப் பகுதி பிரிப்பது ஏற்றது. பாடும் கிப்பனுக்குக் குரல் கேட்பது ஏற்றது. ஒரு முறையைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த முறை எண்ணும்போதும் அதையே பின்பற்ற வேண்டும். ஒரு வருடம் மரக்காலிலும் மறுவருடம் படியிலும் அளந்துவிட்டு, எண்ணிக்கையை மட்டும் பார்த்து விளைச்சல் கூடியது என்று சொல்லலாமா?

மொத்த எண் மட்டும் போதாது. எந்த இடத்தில் எத்தனை என்பதும் வேண்டும். அசாமின் ஜோர்ஹாட் மாவட்டத்தில் ஹோலோங்காபர் கிப்பன் சரணாலயம் உள்ளது. பரப்பு சுமார் 21 சதுர கிலோமீட்டர். அதன் ஊடே ரயில் பாதை போகிறது. மரக்கிளைகள் தொடாத இடத்தைக் கிப்பன் எளிதில் கடக்காது. ஆகவே இரண்டு பக்கமும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒரு பக்கம் மிகச் சில கிப்பன்களே இருந்தால், மொத்தக் கணக்கில் அந்த ஆபத்து மறைந்துவிடும்.

சரியான கணக்குதான் சரியான பாதுகாப்புக்கு முதல் படி.

கலந்து பேசுங்கள்

1. முதல் ஆண்டில் 10 பேர் 2 நாள் தேடி 60 குரங்குகளைக் கண்டார்கள். மறு ஆண்டில் 40 பேர் 8 நாள் தேடி 90 குரங்குகளைக் கண்டார்கள். குரங்குகள் பெருகிவிட்டன என்று சொல்லலாமா? ஏன்?

2. உங்கள் ஊரில் உள்ள மயில்களை எண்ண வேண்டும். எந்த முறையில் எண்ணுவீர்கள்?