சிரியசு என்னும் விண்மீன்: ஆசிரியர்க்கு ஒரு பாடம்

சைவப் பாடசாலைகளிற் கற்பிக்கும் ஆசிரிய அன்பர்களே! மார்கழித் திருவாதிரைத் திருநாளை அறியாத மாணாக்கர் நம்மிடத்து இலர். ஆயின், அந்நாளுக்குப் பெயர் தந்த விண்மீனை வானத்தில் இன்னதெனச் சுட்டிக்காட்ட வல்லார் மிகச் சிலரே. நாளை அறிந்து மீனை அறியாதிருத்தல், ஊரின் பெயரை அறிந்து வழியை அறியாதிருத்தலை ஒக்கும். ஆதலின், திருவாதிரையை அடையாளமாகக் கொண்டு, அதற்கு அயலே விளங்கும் சிரியசு என்னும் விண்மீனைப் பற்றிய பாடமொன்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதற்கண் காணும் முறை. மன்னார்க் கரையில் மழை ஓய்ந்து வானந் தெளியும் மாசி மாதமே இதற்குத் தக்க காலம். இரவு எட்டு ஒன்பது மணியளவில் மாணாக்கரைக் கடற்கரையில் தெற்கு நோக்கி நிறுத்துக. தலைக்கு நேரே உச்சியை அடுத்துச் செந்நிறமாய் ஒளிர்வது திருவாதிரை. அதன் அருகே மூன்று மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவ்வரிசையைத் தென்கிழக்காக நீட்டிச் சென்றால், வெண்ணீல நிறமாய்ப் பளிச்சென மின்னும் மீனொன்றைக் காணலாம். அதுவே சிரியசு. வடமொழி வானநூலார் அதனை இலுப்தகன், அஃதாவது வேடன், என்பர். கோள்களை நீக்கி நோக்கின், இரவு வானத்து விண்மீன்கள் யாவற்றினும் ஒளி மிக்கது இதுவே.

இனி, யாம் செய்த பிழையொன்றை மறையாது கூறுவாம். சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு இம்மீன்களைக் காட்டியபோது, “ஒளி மிக்கதாதலின் சிரியசே திருவாதிரையினும் பெரிது” என்று மாணாக்கர்க்குச் சொன்னோம். கடற்றொழில் செய்யுங் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் எழுந்து, “ஐயா, தூரத்துக் கப்பல் விளக்கைவிடக் கிட்ட நிற்கிற வள்ளத்து விளக்குத்தானே பெரிதாய்த் தெரியும்?” என்றான். யாம் விடை கூறாது, “இருந்து கேள்” என்று அவனை அடக்கிவிட்டோம். வீடு சேர்ந்து நூல்களைப் புரட்டியபோது அவன் கருத்தே சரியெனக் கண்டோம். மறுநாள் வகுப்பில் அதனை ஒப்புக்கொண்டபின்னரே எமது மனம் அமைதியுற்றது.

விண்மீனின் தூரத்தை எவ்வாறு அறிவது? ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாறி மாறி மூடிப் பார்த்தால் விரல் இடம்பெயர்வதுபோலத் தோன்றும். பூமி ஞாயிற்றைச் சுற்றுங்கால், ஆறு திங்கள் இடைவிட்டு நோக்கினால், அண்மையிலுள்ள விண்மீனும் அவ்வாறே சிறிது பெயரும். அப்பெயர்ச்சியிற் பாதி சிரியசுக்கு 0.379 விகலை. ஒரு பாகையின் 3,600 இல் ஒரு பங்கே ஒரு விகலை. 3.26 என்னும் எண்ணை 0.379 ஆல் வகுத்தால் 8.6 வரும். அதுவே ஒளியாண்டிற் சிரியசின் தூரம். இன்று நாம் காண்பது எட்டரை ஆண்டுகளுக்கும் முன் அதனினின்று புறப்பட்ட ஒளியாகும்.

சிரியசின் நிறை ஞாயிற்றின் நிறையில் இருமடங்குக்குச் சற்று மேல், குறுக்களவு 1.7 மடங்கு; ஒளி ஏறத்தாழ 25 மடங்கு. ஞாயிற்றின் மேற்பரப்பு வெப்பம் 5,800 கெல்வின். சிரியசினதோ சுமார் 9,900. அதனாலேயே அதன் நிறம் வெண்ணீலமாயிற்று. திருவாதிரை சுமார் 3,500 கெல்வின் வெப்பமே உடைமையாற் செந்நிறமாயிற்று. ஆயினும், திருவாதிரையை ஞாயிறு நிற்குமிடத்தில் வைத்தால், அது செவ்வாயின் பாதைக்கு அப்பாலும் பரந்து கிடக்கும். அதன் தூரம் 500 முதல் 700 ஒளியாண்டு வரை எனக் கணிக்கப்பட்டுள்ளது.

மாணாக்கர்க்கு ஒரு கணக்கு: சிரியசை 550 ஒளியாண்டுத் தூரத்துக்குத் தள்ளினால் யாதாகும்? தூரம் 64 மடங்காகும். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறைதலின், 64 ஐ 64 ஆற் பெருக்க, 4,096 இல் ஒரு பங்காக அது மங்கிவிடும். அப்போது வெறுங்கண்ணுக்கு அது தோன்றவே மாட்டாது. அத்தூரத்திலும் திருவாதிரை இன்று காண்பதுபோலச் சுடர்விடும். வள்ளத்து விளக்கை உவமை காட்டிய பிள்ளையின் சொல்லுக்கு இக்கணக்கே சான்று.

சிரியசு தனித்ததன்று. அது நேர்வழியிற் செல்லாது அசைந்து செல்வதைக் கண்ட செருமானிய அறிஞர் பெசல், கண்ணுக்குப் புலனாகாத துணை ஒன்று அதற்கு உண்டென 1844 இல் உரைத்தார். 1862 சனவரி 31 இல் அமெரிக்கராகிய அல்வன் கிரகாம் கிளார்க், புதிய தொலைநோக்கி ஒன்றைச் சோதித்தபோது அத்துணையைக் கண்டார். இரண்டும் சராசரி 20 வானியல் அலகுத் தூரத்தில், 50 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. 20 இன் கனமாகிய 8,000 ஐ 50 இன் வர்க்கமாகிய 2,500 ஆல் வகுக்க 3.2 வரும். நுட்பமான அளவுகளைக் கொண்டு செய்தால் 3.1 ஆகும். இரு மீன்களின் மொத்த நிறை ஞாயிற்றினும் இத்தனை மடங்கு. அதிற் சிரியசின் பங்கு போக, துணைமீனுக்கு எஞ்சுவது ஏறத்தாழ ஒரு ஞாயிற்றின் நிறை. அதன் பருமனோ நம் பூமியினுஞ் சிறிது. ஒரு கன சென்டிமீட்டர் பொருள் அங்கே இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட நிறையுடையது. இத்தகைய மீனை வெண்குள்ளன் என்பர்.

இவ்விடத்தே தமிழ்க் குடியிற் பிறந்த அறிஞர் ஒருவரை நினைத்தல் தகும். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930 இல் தம் பத்தொன்பதாம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பயணத்திற் செய்த கணக்கினால், வெண்குள்ளனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கண்டார். அவ்வெல்லை ஞாயிற்றின் நிறையில் ஏறத்தாழ 1.4 மடங்கென இன்று கொள்ளப்படுகிறது. சிரியசின் துணை அவ்வெல்லைக்கு உட்பட்டே நிலைபெற்றிருக்கிறது. 1935 சனவரியில் இலண்டன் மாநகரத்து வானியற் சங்கத்தில் அவர் இதனை உரைத்தபோது, பெரும்புகழ் படைத்த எடிங்டன் அவையோர் முன் அதனை மறுத்து எள்ளினார். அவையிற் புகழ் வென்றது. ஆயின் கணக்குத் தோற்கவில்லை. 1983 இல் நோபெல் பரிசு பெற்றோருள் சந்திரசேகரும் ஒருவர்.

அன்பர்களே! எடிங்டன் போன்ற பேரறிஞரே இளையோர் ஒருவரின் கணக்கை ஏற்க மறுத்தாரெனின், கடற்கரையில் ஒரு பிள்ளையை அடக்கிய எம் போன்றார் எம்மாத்திரம்! இவற்றைக் கற்பித்தால் திருவாதிரையின் மீதுள்ள அன்பு குறையுமோ என அஞ்சுவாரும் உளர். இவ்வளவுகள் யாவும் நம் முன்னோர் நூல்களில் உள்ளனவே எனச் சாதிப்பாரும் உளர். அச்சமும் வேண்டா, இல்லாததை உண்டெனச் சாதித்தலும் வேண்டா. திருவாதிரை எத்துணைப் பெரிதென அறிந்த பிள்ளை, மார்கழியில் அதனை நோக்குங்கால் முன்னினும் நெடுநேரம் நோக்கி நிற்கும். வரும் மாசியில் நும் மாணாக்கரை வெளியே அழைத்துச் செல்க. அவர்கள் வினவுங்கால் இருந்து கேளுங்கள். விடை தெரியாவிடின், நாளை சொல்வோம் என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் சொல்லுங்கள்.