புரொபெல்லருக்கு ஒரு எக்ஸெல் கணக்கு

எக்ஸெல் பாடம் என்றால் பால் கணக்கும் வீட்டுச் செலவும்தான் உதாரணமாக வரும். இந்த மாதம் ஒரு விமானத்தை எடுத்துக் கொள்வோம்.

அமெரிக்காவில் ஒருவர் தன் சொந்த உபயோகத்திற்கான சிறு விமானத்தை வீட்டு கராஜிலேயே கட்டிப் பறக்கச் சட்டம் அனுமதிக்கிறது. என்னுடன் பணிபுரியும் அமெரிக்க நண்பர் அப்படி ஒன்றைக் கட்டி வருகிறார். அதற்காக அவர் வாங்கியது, பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி ரோட்டரி இன்ஜின். பிஸ்டனோ வால்வோ இல்லாமல், முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு சுழலும் 1308 சிசி இன்ஜின் இது. அதிர்வு மிகக் குறைவு.

சிக்கல் வேகத்தில்தான். நிமிடத்திற்கு 6000 சுற்றுகளாவது ஓடினால்தான் இது நல்ல சக்தி தரும். புரொபெல்லரை நேரடியாக மாட்டினால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். சக்தி வீணாகும், இரைச்சல் காதைப் பிளக்கும். எனவே நடுவில் வேகம் குறைக்கும் கியர் பாக்ஸ் தேவை. நண்பர் முன் இருந்தவை 2.17, 2.85 என இரண்டு விகிதங்கள். எதை வாங்குவது?

எக்ஸெல்லைத் திறந்திடுங்கள். பி1 செல்லில் புரொபெல்லரின் விட்டம் 1.83 (மீட்டரில்), பி2ல் 2.17, பி3ல் ஒலியின் வேகம் 340, ஏ5ல் 6000, ஏ6ல் 7500 என டைப் செய்திடவும். பி5ல் இந்த பார்முலாவை அமைத்திடுங்கள் (எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்):

=3.14*$பி$1*ஏ5/$பி$2/60

என்டர் தட்டினால் 264.8 கிடைக்கும். இதுவே நுனியின் வேகம், விநாடிக்கு மீட்டரில். செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து பி6 வரை இழுத்திடுங்கள். 331 வரும்.

அந்த டாலர் குறிகள் எதற்கு? நான் முதலில் அவை இல்லாமல்தான் இழுத்தேன். எக்ஸெல் பி1ஐ பி2 ஆகவும், பி2ஐ பி3 ஆகவும் நகர்த்திவிட்டது. விடை 2.5, அதாவது சைக்கிளை விடக் குறைந்த வேகம்! நண்பர் சிரித்துவிட்டார். எண் அவ்வளவு அபத்தமாக வந்ததால் தப்பித்தோம். நம்பும்படியாக ஒன்று வந்திருந்தால் அதைப் பார்த்தே ஆர்டர் கொடுத்திருப்பார். பார்முலாவில் செல் பெயர் மீது கர்சரை வைத்து எப்4 கீயை அழுத்தினால் டாலர் குறிகள் தாமாகவே அமையும்.

இனி பி2ல் 2.85 கொடுத்துப் பாருங்கள். 201.6, 252 என விடைகள் மாறும். 6000 சுற்றுகள் போதும் என்பவருக்கு 2.17 பொருந்தும். ஆனால் 7500ல் அது ஒலியின் வேகத்தையே நெருங்குகிறது. விமானம் முன்னோக்கிப் பறக்கும் வேகமும் சேர்ந்தால் தாண்டிவிடும். நண்பருக்கு 7500ன் சக்தி வேண்டும். 2.85ஐ ஆர்டர் செய்தார்.

இந்த இன்ஜினின் வெப்பத்தில் கணிசமான பங்கை ஆயில் சுமக்கிறது என்பதால் ஆயில் கூலருக்குத் தனி ஷீட் போட்டோம். மூன்றாவது ஷீட் மின்சாரத்திற்கு. எரிபொருளைத் தெளிப்பதும் பற்ற வைப்பதும் கம்ப்யூட்டர் என்பதால், கரண்ட் போனால் இன்ஜின் நின்றுவிடும். நம் மேஜையில் யுபிஎஸ் இருப்பது போல அங்கே இரண்டாவது பேட்டரி. அதன் எடையைச் சேர்த்து இப்போது மறுபடி கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறோம்.